சிகாகோ 14ஆவது வார்டில் எட் பர்க் 54 வருடம் எப்படித் தாக்குப்பிடித்தார்?

எட்வர்ட் பர்க் சிகாகோ மாநகராட்சியில் 14ஆவது வார்டு கவுன்சிலராக (அங்கே ஆல்டர்மேன் என்பார்கள்) 1969 மார்ச்சிலிருந்து 2023 மே வரை இருந்தார். 54 வருடம். அந்த ஊர் வரலாற்றிலேயே அத்தனை காலம் இருந்தவர் வேறு யாரும் இல்லை. பதவியை விட்ட அதே வருடம் டிசம்பரில் லஞ்சம், மிரட்டிப் பறிக்க முயன்றது உள்ளிட்ட குற்றங்களைச் செய்தார் என்று ஜூரி தீர்ப்புச் சொன்னது. "இப்படி ஒரு ஆளுக்கு மக்கள் எப்படி அரை நூற்றாண்டு ஓட்டுப் போட்டார்கள், யாருக்குமே தெரியாதா?" என்று கேட்கிறார்கள். எல்லாருக்கும் தெரியும். பத்திரிகைகள் பல வருடமாக எழுதிக்கொண்டுதான் இருந்தன. அவர் செய்ததில் பெரும்பகுதி சட்டப்படி தப்பே கிடையாது, அதுதான் விஷயம். மாட்டியது ஓரத்தில் இருந்த ஒரு சின்னப் பகுதிக்காகத்தான். அதைப் புரிந்துகொண்டால்தான் 54 வருடக் கணக்கு புரியும்.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். சிகாகோவில் 50 வார்டுகள், வார்டுக்கு ஒரு ஆல்டர்மேன், நாலு வருடத்துக்கு ஒரு தேர்தல். ஒரு வார்டில் ஏறக்குறைய 55,000 பேர். நம் ஊர் கவுன்சிலரை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் பார்க்காதீர்கள், அதிகாரம் வேறு மாதிரி. தன் வார்டுக்குள் எந்த மனையில் என்ன கட்டலாம், எந்தக் கடைக்குப் பலகை வைக்க அனுமதி, எந்த வாசலுக்கு நடைபாதையை வெட்டி கார் வழி விடலாம் என்பதிலெல்லாம் ஆல்டர்மேன் வைத்ததுதான் சட்டமாக இருந்தது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இப்படி ஒரு உரிமை நேராக எழுதப்படவில்லை. என் வார்டில் நீ தலையிடாதே, உன் வார்டில் நான் தலையிட மாட்டேன் என்று 50 பேரும் தங்களுக்குள் வைத்துக்கொண்ட வழக்கம், அவ்வளவுதான். 1970களின் தொடக்கத்திலிருந்து அந்த மன்றத்தில் இருந்தவர்களில் 30 பேருக்கு மேல் ஏதாவது ஒரு குற்றத்துக்குத் தண்டனை பெற்றிருக்கிறார்கள். அவர்களில் நிறையப் பேர் விழுந்த குழி இந்த வழக்கம்தான்.

பர்க்குக்கு வார்டு அப்பா சொத்து மாதிரி வந்தது. அப்பா ஜோசப் பர்க் 1953இல் அதே வார்டில் ஆல்டர்மேன் ஆனவர், 1968இல் புற்றுநோயில் இறந்தார். மகன் அப்போது மூன்று வருடம் போலீஸ்காரராக வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படித்து முடித்திருந்தார். முதலில் அப்பா வகித்த கட்சிப் பதவியைப் பிடித்தார், அதாவது டெமாக்ரடிக் கட்சியின் வார்டு கமிட்டிமேன், அந்த வார்டில் கட்சிக்குத் தலைவர் மாதிரி. அடுத்த வருடம் இடைத்தேர்தலில் ஆல்டர்மேன். வயது 25. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும், கட்சிப் பதவி முன்னால், மக்கள் பதவி பின்னால். பழைய ரிச்சர்ட் ஜே. டேலி மேயராக இருந்த காலம் அது. கமிட்டிமேன் சொன்னால் மாநகராட்சியிலோ கவுன்டியிலோ (நம் மாவட்டம் மாதிரி) வேலை கிடைக்கும், வேலை கிடைத்தவன் தேர்தல் நாளில் தெருத்தெருவாக ஓட்டுச் சேகரிப்பான். இப்படி வேலை கொடுப்பதை 1972க்குப் பிறகு நீதிமன்றம் ஷேக்மன் வழக்கில் படிப்படியாக இறுக்கியது, ஆனால் உடனே எதுவும் நின்றுவிடவில்லை.

அப்புறம் இன்னொன்று. பெரும்பாலான தேர்தல்களில் பர்க்கை எதிர்த்து நிற்க ஆளே இல்லை. "மக்கள் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள்" என்பதில் பாதிதான் உண்மை. சிகாகோவில் ஆல்டர்மேன் தேர்தலில் நிற்க அந்த வார்டு வாக்காளர்களிடம் 473 செல்லுபடியாகும் கையெழுத்து வாங்கி மனுவோடு கொடுக்க வேண்டும் (கடந்த சில தேர்தல்களில் இருந்த எண்ணிக்கை இது). கேட்க ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் எதிராளியின் வக்கீல் ஒவ்வொரு கையெழுத்தையும் எடுத்து இவர் வாக்காளரே இல்லை, இந்த முகவரி வேறு வார்டு, இது அவர் கையெழுத்தே இல்லை என்று ஆட்சேபம் எழுப்பலாம். 600 வாங்கிக் கொடுத்தவன் 450இல் வந்து நிற்பான். அதனால் விவரம் தெரிந்தவர்கள் தேவைக்கு இரண்டு மூன்று மடங்கு வாங்குவார்கள். சொந்தமாக வக்கீல் படை வைத்திருப்பவரோடு புதுமுகம் எங்கே மோதுவது? போதாததற்கு கவுன்டி நீதிபதிப் பதவிகளுக்குக் கட்சி யாரை நிறுத்த வேண்டும் என்று முடிவுசெய்யும் குழுவும் பல வருடம் பர்க் கையில் இருந்தது. அவர் மனைவி ஆன் பர்க் இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றத்தில் 2022 வரை நீதிபதியாகவும் பிறகு தலைமை நீதிபதியாகவும் இருந்தவர். (1968இல் சிகாகோவில் நடந்த முதல் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸுக்குக் காரணமானவர்களில் அந்த அம்மாவும் ஒருவர். அது தனி விஷயம், பாராட்ட வேண்டியதும்கூட.) அந்த ஊரில் தொழில் செய்யும் ஒரு வக்கீல் பர்க்கைப் பகைத்துக்கொள்ள ஒன்றுக்கு இரண்டு முறை யோசிப்பார் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

நடுவில் பெரிய பதவிக்கு ஆசைப்பட்டு அடியும் வாங்கினார். 1980இல் சிகாகோ அடங்கிய குக் கவுன்டியின் அரசு வழக்கறிஞர் பதவிக்கு மேயர் ஜேன் பர்ன் ஆதரவோடு கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் நின்று, பழைய டேலியின் மகன் ரிச்சர்ட் எம். டேலியிடம் தோற்றார். அதோடு மாநகராட்சியே போதும் என்று திரும்பியவர், அங்கே என்ன பிடிக்க வேண்டும் என்று சரியாகக் கணக்குப் போட்டார்.

1983இல் ஹெரால்ட் வாஷிங்டன் சிகாகோவின் முதல் கறுப்பின மேயராக ஜெயித்தார். மே 2ஆம் தேதி மன்றத்தின் முதல் கூட்டம். தன்னிடம் பெரும்பான்மை இல்லை என்று தெரிந்து மேயர் கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டு எழுந்து போனார். எட்வர்ட் வர்டோலியாக் என்ற ஆல்டர்மேன் தலைமையில் 29 பேர் உட்கார்ந்த இடத்திலேயே கூட்டத்தைத் தொடர்ந்து நடத்தி எல்லாக் குழுக்களையும் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டார்கள். நிதிக் குழு பர்க்குக்கு. அடுத்த மூன்று வருடம் 29க்கு 21 என்று இழுபறி. மேயர் வீட்டோ போடுவார், அதை முறியடிக்க 34 ஓட்டு வேண்டும், அது 29 பேரிடம் இல்லை. மேயர் அனுப்பும் நியமனங்களை 29 பேர் கிடப்பில் போடுவார்கள். ஏரிக்கரை பெய்ரூட் என்று ஊருக்குப் பட்டப்பெயரே வந்துவிட்டது (பெய்ரூட்டில் அப்போது உள்நாட்டுப் போர்). சொத்துக் கணக்கு அறிக்கையைத் தாமதமாகக் கொடுத்ததால் மேயர் பதவியே போய்விட்டது என்று 1984இல் பர்க் ஒரு வழக்குப் போட்டார், எடுபடவில்லை. இதில் நிறவெறி எவ்வளவு, பதவிச் சண்டை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கிறவர்கள் உண்டு. 29 பேரில் கறுப்பினத்தவர் ஒருவர்கூட இல்லை என்பதை வைத்துப் பார்த்தால் எனக்கு அதில் பெரிய சந்தேகம் எதுவும் இல்லை.

வார்டு எல்லைகள் சிறுபான்மையினருக்குப் பாதகமாக வரையப்பட்டன என்ற வழக்கால் 1986இல் ஏழு வார்டுகளில் மறுதேர்தல் நடந்து 25க்கு 25 ஆனது, மேயர் ஓட்டு சேர்ந்ததும் பர்க் கோஷ்டி கீழே வந்தது. பிறகு நிதிக் குழுவும் கைவிட்டுப் போனது. 1987 நவம்பரில் வாஷிங்டன் திடீரென்று மாரடைப்பில் இறந்தார். 1989 மேயர் தேர்தலுக்கு பர்க்கும் கிளம்பினார், பின்பு விலகி, தன்னைத் தோற்கடித்த அதே இளைய டேலிக்கு ஆதரவு கொடுத்தார். டேலி ஜெயித்தார், நிதிக் குழு பர்க்கிடம் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு 2019 ஜனவரி வரை அதை அவர் யாரிடமும் விடவில்லை. டேலி 22 வருடம், ராம் இமானுவேல் 8 வருடம், இரண்டு பேருக்குமே பர்க்கோடு பொருதுவதைவிட அவரை அந்த நாற்காலியில் விட்டுவைப்பது சௌகரியமாக இருந்தது.

நிதிக் குழு என்றால் என்ன? கடன் பத்திரம், வரி, வளர்ச்சித் திட்டங்களுக்குப் போகும் மானியம், போலீஸ் அத்துமீறல் வழக்குகளில் கொடுக்கும் நஷ்டஈடு எல்லாம் அந்த வழியாகத்தான் போக வேண்டும். அது எல்லா ஊரிலும் உள்ளதுதான். சிகாகோவில் கூடுதலாக ஒரு விநோதம் இருந்தது. வேலையில் அடிபட்ட மாநகராட்சி ஊழியர்களுக்குக் கொடுக்கும் இழப்பீட்டுத் திட்டத்தை, வருடத்துக்குச் சுமார் 10 கோடி டாலர் புழங்கும் திட்டத்தை, நிர்வாகம் நடத்தவில்லை, இந்தக் குழுதான் நடத்தியது. யாருக்கு எவ்வளவு, யாருக்கு இல்லை என்று முடிவெடுத்த அலுவலகம் பர்க்கின் கீழ். மாநகராட்சியின் தலைமைக் கண்காணிப்பாளர் கணக்குக் கேட்டபோது நாங்கள் மன்றத்தின் கிளை, உங்களுக்கு இங்கே அதிகாரம் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். வழக்கு வந்து பர்க் தலைவர் பதவியை விட்ட பிறகுதான் அது நிர்வாகத்தின் கைக்கு மாறியது.

இப்போது வக்கீல் ஆபீஸுக்கு வருவோம், கதையின் உயிர் இங்கேதான். ஆல்டர்மேன் வேலை முழுநேர வேலை என்று சட்டம் சொல்லவில்லை, வெளியே தொழில் செய்யலாம். பர்க்கின் நிறுவனம் கிளாஃப்டர் அண்ட் பர்க், அதன் தொழில் சொத்து வரி மேல்முறையீடு. குக் கவுன்டியில் கட்டடத்துக்கு மதிப்புப் போடுவது கவுன்டி மதிப்பீட்டாளர், அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம், பெரிய கட்டடக்காரர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் வக்கீல் வைத்துச் செய்வார்கள், குறைத்துக் கொடுத்தால் வக்கீலுக்கு மிச்சப்பட்ட பணத்தில் ஒரு பங்கு. நகர மையத்தில் இருக்கும் ட்ரம்ப் டவருக்கு பர்க் நிறுவனம் சில வருடங்களில் சுமார் 1 கோடியே 40 லட்சம் டாலர் வரி குறைத்துக் கொடுத்தது என்று பத்திரிகைகள் கணக்குக் காட்டின.

இதில் யாருக்கு நஷ்டம் என்று கேட்டால், அங்கே வசூலிக்க வேண்டிய மொத்தத் தொகையை முதலில் தீர்மானித்துவிட்டுத்தான் சொத்து மதிப்புப்படி பிரிப்பார்கள். ஒரு கோபுரத்தின் மதிப்பு குறைந்தால் அந்தப் பங்கு காணாமல் போகாது, மற்றவர்கள் தலையில் ஏறும். வக்கீல் வைக்க வசதியில்லாத சின்ன வீட்டுக்காரர் தலையில். மதிப்பீட்டு முறையே ஏழைப் பகுதி வீடுகளுக்குக் கூடுதலாகவும் பணக்கார வீடுகளுக்குக் குறைவாகவும் விழுகிறது என்று சிகாகோ ட்ரிப்யூன் 2017இல் விரிவாகக் காட்டியது. காலையில் மன்றத்தில் வரித் தொகைக்கு ஒப்புதல் கொடுக்கும் குழுவின் தலைவர், மதியம் பெரிய கட்டடங்களின் பங்கைக் குறைக்கும் வக்கீல், சாயங்காலம் அந்தச் சுமையைச் சுமக்கும் சின்ன வீடுகளின் பிரதிநிதி. மூன்றும் அப்போது சட்டப்படி சரி! தன் வக்கீல் ஆபீஸின் வாடிக்கையாளர் சம்பந்தப்பட்ட தீர்மானம் வந்தால் எழுந்து "நான் ஓட்டுப் போடவில்லை" என்று பதிவு செய்துவிடுவார், அன்றைய விதிப்படி அது போதும். நூற்றுக்கணக்கான முறை அப்படிச் செய்திருக்கிறார். பக்கத்து 13ஆவது வார்டின் கட்சித் தலைவரும் மாநிலச் சட்டமன்ற சபாநாயகருமான மைக்கேல் மேடிகனும் இதே தொழில்தான் செய்துகொண்டிருந்தார்.

இதையெல்லாம் வைத்து அவரை வெறும் கல்லாப்பெட்டி மனிதர் என்று நினைத்தால் அதுவும் தப்பு. கோடு போட்ட சூட், அடுக்குமொழிப் பேச்சு, ஊர் வரலாறு முழுக்க மனப்பாடம். 1871இல் சிகாகோவை எரித்த பெருந்தீக்கு ஓலியரி என்ற பால்காரம்மாவின் மாடு விளக்கை உதைத்ததுதான் காரணம் என்று நூறு வருடத்துக்கு மேலாக ஒரு கதை உண்டு. 1997இல் பர்க் முன்னின்று அந்த மாட்டையும் அந்த அம்மாவையும் குற்றமற்றவர்கள் என்று மன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். செத்துப்போன போலீஸ்காரர் குடும்பமா, ஆஸ்பத்திரியில் கிடக்கும் பழைய எதிரியா, ஆள் போய் நிற்பார். தண்டனை விதிக்கும் முன் நீதிபதிக்கு அவருக்காக 200க்கு மேல் கடிதங்கள் வந்தன, தன் அனுபவத்தில் இப்படிப் பார்த்ததில்லை என்று நீதிபதியே சொன்னார். அந்தக் கடிதங்களில் இருந்ததெல்லாம் பொய் என்று நான் நினைக்கவில்லை.

மாட்டியது எதில்? 14ஆவது வார்டில், புலாஸ்கி ரோடும் 41ஆவது தெருவும் சேரும் இடத்தில் இருக்கும் ஒரு பர்கர் கிங் கடையில். கடையைப் புதுப்பிக்க டெக்சாஸிலிருந்து உரிமையாளர்கள் 2017இல் அனுமதி கேட்டு வந்தார்கள். பர்க் அவர்களை ஒரு கிளப்பில் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்து உட்காரவைத்துப் பேசினார். இல்லினாயில் அவர்களுக்கு நிறையக் கடைகள், அந்தச் சொத்து வரி வேலை தன் நிறுவனத்துக்கு வர வேண்டும். அவர்கள் பிடிகொடுக்கவில்லை. கொஞ்ச நாளில் கார் வழிக்கான அனுமதி இல்லை என்று வார்டு ஆபீஸிலிருந்து ஆள் வந்து வேலையை நிறுத்தினார்கள். ஒரு நடைபாதை வெட்டு, அவ்வளவுதான். 54 வருடத்தை முடித்துவைத்த வழக்கு அங்கேதான் தொடங்கியது. சட்டத்துக்கு உள்ளே இருந்த வியாபாரம் வெளியே காலை வைத்த இடமும் அதுதான். வேலை கொடுத்தால் வாங்கிக்கொள்வது சரி, கொடுக்கவில்லை என்று அனுமதியை நிறுத்தினால் அது குற்றம்.

அவருக்குத் தெரியாதது, அவருடைய ஃபோனை எஃப்பிஐ ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தது. அதற்கு முன்பிருந்தே 25ஆவது வார்டு ஆல்டர்மேன் டேனி சோலிஸ் தன் சொந்தச் சிக்கலிலிருந்து தப்பிக்க எஃப்பிஐக்காக ஒலிப்பதிவுக் கருவியோடு பர்க்கிடம் பேசிக்கொண்டிருந்தார். நெடுஞ்சாலைக்கு மேலே உட்கார்ந்திருக்கும் பழைய தலைமைத் தபால் நிலையத்தை, 1996 முதல் காலியாகக் கிடந்த ராட்சசக் கட்டடத்தை, நியூயார்க் நிறுவனம் ஒன்று வாங்கிப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. அதன் வரி வேலை வருமா என்று சோலிஸிடம் பர்க் கேட்டது, சூரை மீனைக் கரையேற்றிவிட்டோமா என்று. இன்னொரு முறை, கல்லாவில் இன்னும் மணி அடிக்கவில்லையே என்றார். நீதிமன்றத்தில் இதைப் போட்டுக் காட்டியபோது ஜூரிக்கு வேறு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. எனக்கு விசித்திரமாகப் பட்டது ஃபீல்ட் மியூசியம் என்ற அருங்காட்சியகத்தின் விஷயம்தான். நண்பர் மகளுக்குத் தான் சிபாரிசு செய்த பயிற்சி வேலையை மியூசியத்தார் கண்டுகொள்ளவில்லை என்ற கோபத்தில், அவர்கள் கேட்ட நுழைவுக் கட்டண உயர்வுக்குக் குறுக்கே நிற்பேன் என்கிற மாதிரி பேசினார். அதில் பத்து பைசா லாபம் கிடையாது. தன்னை மதிக்கவில்லை என்பதுதான் குறை.

2018 நவம்பர் 29 காலை மாநகராட்சிக் கட்டடத்தில் அவர் அலுவலகக் கண்ணாடிக் கதவுகளை உள்ளிருந்து பழுப்புத் தாள் ஒட்டி மறைத்துவிட்டு எஃப்பிஐ சோதனை போட்டது. தாள் ஒட்டிய அந்தக் கதவுதான் மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும். அவர் அலுவலகங்களில் 23 துப்பாக்கிகள் இருந்தது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது, பழைய போலீஸ்காரர் ஆயிற்றே. 2019 ஜனவரியில் வழக்கு. பிப்ரவரியில் தேர்தல். இங்கேதான் கேள்வி கேட்டவர் சொல்வது வரும், வழக்கு தலைக்கு மேல் தொங்கும்போதே 54 சதவீத ஓட்டில் ஜெயித்தார். வார்டு முன்பு மாதிரி இல்லை, ஐரிஷ், போலந்துக் குடும்பங்கள் போய் மெக்சிகோ வழியினர் பெருவாரியாகிவிட்டார்கள். அவரை எதிர்த்து நின்ற இரண்டு பேருமே லத்தீன் சமூகத்தவர், எதிர்ப்பு ஓட்டு பிரிந்தது. குடியுரிமை இல்லாததாலும் வயது வராததாலும் அங்கே குடியிருப்பவர்களில் பலருக்கு ஓட்டே இல்லை. இருப்பவர்களிலும் தவறாமல் வருவது வயதானவர்கள்தான், பனி அள்ளுவதற்கும் குப்பைத் தொட்டிக்கும் ஃபோன் செய்தால் ஆள் அனுப்பிய ஆல்டர்மேனை அவர்கள் அவ்வளவு சீக்கிரம் மாற்ற மாட்டார்கள்.

காற்று மாறியது அதற்கு முந்தைய வருடமே தெரிந்துவிட்டது. 2018 மார்ச்சில் அவர் தம்பி டான் பர்க், நீண்ட கால மாநிலச் சட்டமன்ற உறுப்பினர், ஆரன் ஓர்ட்டிஸ் என்ற இருபதுகளில் இருந்த இளைஞரிடம் தோற்றார். மெக்சிகோ வாக்காளர்களை வைத்துக்கொண்டு ட்ரம்ப்புக்கு வரி வக்கீலாக இருப்பது கட்டுப்படியாகாது என்று பர்க்குக்கே புரிந்து அந்த வேலையை அந்த வருடம் விட்டதும் இதே கணக்குதான். 2020இல் அதே ஓர்ட்டிஸ் பர்க்கிடமிருந்து வார்டு கமிட்டிமேன் பதவியையும் பறித்தார். ஆரம்பத்தில் எந்த வரிசையில் வந்தாரோ அதே வரிசையில் போனது, கட்சிப் பதவி முன்னால். 2022 கடைசியில் மனுத் தாக்கல் செய்யவே இல்லை. 2023 மேயில் ஜெய்லூ குட்டியரஸ் அந்த இடத்துக்கு வந்தார்.

14 குற்றச்சாட்டில் 13இல் குற்றவாளி. அரசுத் தரப்பு 10 வருடம் கேட்டது, 2024 ஜூனில் நீதிபதி வர்ஜீனியா கெண்டல் கொடுத்தது 2 வருடமும் 20 லட்சம் டாலர் அபராதமும். 80 வயது, அந்தக் கடிதங்கள், இரண்டும் எடை சேர்த்தன. குறைவு என்று கோபப்பட்டவர்கள் நிறைய, எனக்கும் குறைவாகத்தான் படுகிறது, ஏனென்றால் அதே வழக்கில் அவருக்கு வரி வேலை கொடுத்து அனுமதிக்குச் சிபாரிசு தேடிய ஒரு கட்டட முதலாளிக்கு அவரைவிடக் கூடுதலாக, மொத்தம் 2 வருடம் 8 மாதம் கிடைத்தது. செப்டம்பரில் பர்க் தாம்சன் சிறைக்குப் போனார்.

மற்றபடி அந்த வழக்கம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 2019இல் லோரி லைட்ஃபூட் மேயராக ஜெயித்ததற்கே இந்த வழக்கு பெரிய காரணம், மற்ற முக்கிய வேட்பாளர்கள் பலருக்கும் பர்க்கோடு ஏதோ ஒரு தொடர்பு இருந்தது. பதவியேற்ற நாளே உரிமம், அனுமதிச் சீட்டு விஷயங்களில் ஆல்டர்மேன் கையசைத்தால்தான் நடக்கும் என்ற வழக்கத்தை நிறுத்த உத்தரவு போட்டார். அந்த உத்தரவின்படி பார்த்தால் ஒரு கடைக்காரர் அனுமதிச் சீட்டுக்கு வார்டு ஆபீஸ் வாசலில் காத்திருக்க வேண்டியதில்லை. மனை வகைப்பாட்டை மாற்றுவதோ மன்றத்தின் ஓட்டில் நடப்பது, மேயர் உத்தரவு அங்கே செல்லாது. அதில் அந்தந்த வார்டு ஆல்டர்மேன் வேண்டாம் என்றால் இன்றும் பெரும்பாலும் வேண்டாம்தான்.